சத்தம் வேண்டாம்

“துணி துவைக்கச் சொன்னது ஒரு குத்தமாடி?”

“துவைக்கச் சொன்னது குத்தமில்லைங்க. சத்தம் வேணாம்னு அதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அதுதான்.”

எதிர்வீட்டு முகுந்தனும் பவித்ராவும்தான். ரசம் கொடுக்கும் சாக்கில் நானும் உள்ளே போய் நின்றேன்.

சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் வீட்டிடம் பேச ஒரு முறை உண்டு. வேலையை முதலில் சொல்லி நிபந்தனையைப் பிறகு சொன்னால், அது அந்த வேலைக்கு மட்டும். நிபந்தனையை முந்திச் சொல்லிவிட்டால் வீட்டின் எல்லா வேலைக்கும் அதுவே சட்டம். பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். இரவு வேலை முடித்து வந்த முகுந்தன், “சத்தம் வேண்டாம், துணி துவை” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். குளியலறையில் விழுந்த அவன் அப்பா தணிகாசலத்தை, சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த பவித்ராதான் பார்த்தாள்.

இடுப்புக் கட்டோடு கட்டிலில் கிடந்த பெரியவர், “அவனத் திட்டாதம்மா, நான் கூப்பிடவே இல்ல” என்றார்.

முகுந்தன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பவித்ரா சுவரைப் பார்த்து, “இனிமே பேசலாம்” என்றாள்.

அடக்கி வைத்ததையெல்லாம் வீடு வரிசையாகச் சொன்னது. “துணி துவைத்தாயிற்று. அப்பா கூப்பிடுகிறார். அப்பா கூப்பிடுகிறார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியது. அப்பா கூப்பிடுகிறார்.”

யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் ரசக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

பெரியவர் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். முகுந்தன் இப்போது துணியைக் கையால்தான் துவைக்கிறான். அடித்துத் துவைக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கிறது.