வெயில் தள்ளும் தூசு

"என் வெளிச்சத்துல சுத்துற தூசும்மா நீ," என்று சிரித்தபடியே பேராசிரியர் ஞானசிகாமணி, குமுதினி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் பேனாவால் முதலாவதாகச் சேர்த்தார். கோள்களுக்கிடையே அலையும் தூசைத்தான் அவள் ஏழு வருடமாக ஆராய்ந்துவந்தாள். வெயில் பட்டுப் பட்டு வேகம் குறைந்து, சுற்றிச் சுற்றிச் சூரியனுக்குள்ளேயே விழுந்துவிடும் தூசு. தானும் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"எல்லாத் தூசும் உள்ள விழாது சார். ரொம்பச் சின்னதா இருந்தா வெயிலே வெளிய தள்ளிடும். அப்புறம் சூரியனால பிடிக்க முடியாது."

"உன் பட்டத்துக்குக் கையெழுத்து நான்தான் போடணும்."

"தெரியும் சார்."

பேனாவை வாங்கி அவர் பெயரை அடித்தாள். பிறகு அதை மூடாமல் அவரிடமே நீட்டினாள்.