வெயோன்

“வெயோன்” என்று கத்தியபடி கிழவர் ஒஸ்வால்டோ கரண்டியைத் தட்டிவிட்டார். சூப் சிவனேசனின் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

கிளென் ஈடனிலிருந்த அந்த முதியோர் இல்லத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான். 1996, நல்ல குளிர். சிலி நாட்டுக் கிழவருக்கு ஆங்கிலம் மறந்துபோய் ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியிருந்தது. சிவனேசன் குளிப்பாட்டினாலும் அந்தச் சொல்தான், போர்த்திவிட்டாலும் அந்தச் சொல்தான்.

மனைவி இன்னும் வவுனியாவில் விசாவுக்குக் காத்திருந்தாள். ஆக்லாந்தில் அவனோடு பேச்சுக் கொடுக்கிற ஒரே ஆள் இந்தக் கிழவர். அவரும் இப்படி.

அப்போது கோட் போட்ட ஒருவர் அறைக்குள் வந்தார். சிவனேசன் அவரை இதற்கு முன் பார்த்ததில்லை. கிழவர் தடுமாறி எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, “சென்யோர்” என்று கைகொடுத்தார்.

வந்தவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஸ்பானிஷில் மெதுவாக ஏதோ சொல்லி அவரை உட்காரவைத்தார். கேட்காமலே தேநீரில் நிறையச் சீனி போட்டுக் கலக்கி, ஆற்றிக் கொடுத்தார்.

சிவனேசனுக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டான். “உங்களுக்கு இவற்ற பாஷை தெரியுது. வெயோன் எண்டா என்ன?”

வந்தவர் சங்கடப்பட்டார். “அசிங்கமான சொல். கொட்டை பெருத்தவன் என்று அர்த்தம். மடையன் என்று திட்டுவதற்கும் அதுதான்.”

“நினைச்சனான். உங்களுக்கு எழும்பி நிண்டு மரியாதை, எனக்கு இது. நாளைக்கு வேற அறை கேக்கப்போறன்.”

“கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கூடப்படித்தவனை, அண்ணன் தம்பியை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். நெருக்கமில்லாதவரிடம் அது வாயில் வராது. சென்யோர் என்பது அந்நிய ஆட்களுக்கு.”

 இந்த ஊருக்கு வந்த பிறகு யாரும் சிவனேசனை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. குனிந்து, கிழவரின் தாடையில் வழிந்த தேநீரைத் துடைத்துவிட்டான்.

“வெயோன்” என்று முணுமுணுத்தார் கிழவர்.

இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வந்தவரிடம் திரும்பினான். “கேக்க மறந்துபோனன். நீங்கள் ஆர், இவற்ற லோயரோ?”

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மகன்.”