பிடியை விட்டவர்

"இரட்சிப்பு என்ன மெத்ரோ ரிக்கெற்றோ தங்கச்சி, சட்டைப்பையிலை இருந்து விழுந்து துலையிறதுக்கு?" என்று கேட்டார் இராயப்பு.

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அமைந்திருந்த தமிழ்த் தேநீர்க் கடையொன்றில் மதிய நெரிசல் அடங்கியிருந்தது. இராயப்பு அண்மையில்தான் லியோனிலிருந்து பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கல்வினின் போதனையைக் கடைப்பிடிக்கும் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் மூப்பர். எதிரே அமர்ந்திருந்த ஜெனிற்றா வேறொரு சபையைச் சேர்ந்தவள். மக்களைக் கை உயர்த்தச் சொல்லி, அக்கணமே இரட்சிப்பைத் தெரிந்தெடுக்குமாறு அழைக்கும் பெரிய சபை அது. அவளுடைய கணவர் லாசர் பல்லாண்டுகள் அதன் போதகராக விளங்கியவர்.

அவளோடு வந்திருந்த, பழுப்பு நிறக் குளிரங்கி அணிந்த பெரியவர் வடையைச் சம்பலில் தோய்த்து, மிகுந்த ஈடுபாட்டுடன் உண்டுகொண்டிருந்தார்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை," என்றாள் ஜெனிற்றா. "எங்கடையவர் இப்ப செபிக்கிறேல்லை. வேதம் திறக்கிறேல்லை. போன கிழமை புதுப் பாஸ்டர் வீட்டை வந்தவர். இயேசுவோ, அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாதெண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். வாயாலை மறுதலிச்சவருக்கு இனி இரட்சிப்பு இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் பாஸ்டர் எழும்பிப் போயிட்டார். அது உண்மையோ? இரக்கப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். உங்கடை உபதேசம் என்ன சொல்லுதோ, அதைச் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவரை உங்கடை சபைக்குக் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டும் சொல்லுங்கோ."

"பாவம், அந்த மனுசனுக்கு நம்பிக்கை போயிட்டுதோ?" என்று பெரியவர் ஆவலுடன் நிமிர்ந்தார்.

"அதைத்தான் பாப்பம் ஐயா," என்று இராயப்பு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "கையை உயர்த்தினவுடனை கிடைக்கிற சாமான் எண்டால், கையை இறக்கினவுடனை போயிடும். இண்டைக்கு இந்தச் சபையள் விடுற பிழை இதுதான். மனுசன் தெரிஞ்செடுத்தான், மனுசன் பிடிச்சிருக்கிறான், மனுசன் விட்டிட்டான். எல்லாம் மனுசன்! அப்ப கடவுள் என்ன, சும்மா நிண்டு விடுப்புப் பாக்க வந்தவரோ? தெரிஞ்செடுத்ததும் அவர், பிடிச்சிருக்கிறதும் அவர்."

"பிடித்துக்கொண்டவன் தப்புவான்! விட்டவன் விழுவான்!" என்றார் பெரியவர். அக்குரல் கணீரென்று ஒலித்தது. அடுத்த மேசையிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர்.

"நல்ல குரல் ஐயா. ஆனால் சொன்னது முழுப் பிழை. ஆர் உங்களுக்கு இதைப் படிப்பிச்சது?"

பெரியவர் சற்று யோசித்தார். "தெரியேல்லைத் தம்பி. ஆனால் மனுசன் வடிவாய்ப் படிப்பிச்சிருக்கிறார்."

இராயப்பு வாய்விட்டுச் சிரித்தார். ஜெனிற்றா சிரிக்கவில்லை, சீனிப் பொட்டலமொன்றை மெல்லக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கோ?"

"இருக்கும் போலை."

"நீங்கள் நித்திரை கொள்ளேக்கை அது போயிடுமோ? போகாது. நீங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறபடியால் அது நிக்கேல்லை. தந்தவன் வைச்சிருக்கிறபடியால் நிக்குது."

"காட் குடுக்கிற பிரெபெக்தூர்க் கந்தோர்காரன் நினைச்சால் பறிப்பான்."

"கடவுளின்ரை பிரெபெக்தூரிலை பறிக்கிறதுக்கெண்டு கவுண்டர் இல்லை ஐயா. கல்வின் சொன்னது அதுதான். அவரும் பாரிசிலை இருந்து தப்பியோடி, எங்களை மாதிரி அகதியாய்த் திரிஞ்சவர்."

"அவருக்கு அகதிக் காட் கிடைச்சதோ?"

"ஜெனீவாவிலை கிடைச்சது. அதுகும் கனகாலம் போய்."

"அப்ப, மறுதலிச்சாலும் போகாதோ அண்ணை?" என்று ஜெனிற்றா குறுக்கிட்டாள்.

இராயப்புவின் முகத்தில் விளையாட்டு மறைந்தது. "இதிலை ஒரு விசயம் இருக்கு, உங்களுக்கு மறைக்கக் கூடாது. ஒருத்தன் மனமறிஞ்சு, கடைசிமட்டும் மறுதலிச்சால், அவன் கிடைச்சதைத் துலைச்சிட்டான் எண்டு நாங்கள் சொல்லமாட்டம். அவன் ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை எண்டுதான் சொல்லுவம்."

சீனி மேசையெங்கும் சிதறியது.

"மனமறிஞ்சு?"

"ஓம். மனமறிஞ்சு."

"மனமறியாமல் சொன்னால்?"

"அது மறுதலிப்பே இல்லைத் தங்கச்சி. காய்ச்சல்காரன் புலம்பினதைக் கடவுள் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கமாட்டார். உங்கடையவர் கடவுளை அறிஞ்சிருக்கிறபடியால் தப்பேல்லை. கடவுள் அவரை அறிஞ்சிருக்கிறபடியால்தான் தப்புறார். அந்த அறிவிலை மறதி இல்லை."

அதுவரை தொடாதிருந்த தேநீரை ஜெனிற்றா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அது முற்றிலும் ஆறிப்போயிருந்தது.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?"

"கூட்டிக்கொண்டு வாங்கோ. வரமாட்டன் எண்டு சண்டை பிடிச்சாலும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இவ்வளவு காலம் பிரசங்கம் பண்ணின மனுசன் ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு எனக்கும் அறிய ஆசையாய்க் கிடக்கு."

"எனக்கும்தான். அந்த மனுசனை நானும் ஒருக்காப் பாக்கோணும்," என்றார் பெரியவர்.

ஜெனிற்றா எழுந்தாள். அவருடைய உதட்டோரத்துச் சம்பலைத் துடைத்துவிட்டு, குளிரங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. எங்கடை வீட்டை போவம்."

"போவம் அம்மா. ஆனால் உங்கடை புருசன் ஏதும் நினைக்கமாட்டாரோ?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார், முன்னாள் போதகர் லாசர்.