ஏழு கைதட்டல்கள்

பத்திநாதர் துப்புரவு வேலை செய்த இசை மண்டபத்தில் ஒருமுறை அவருக்கும் மனைவி சிசிலிக்கும் இலவச டிக்கெட் கிடைத்தது. அன்று வாசித்தது போன நூற்றாண்டில் செல்லோ வாத்தியத்துக்காக எழுதப்பட்ட கொன்சேர்ட்டோ; அதன் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் கைதட்டுவது வழக்கம். முதல் பகுதி நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து அவர் மட்டும் கைதட்டினார். சிசிலி வெட்கத்தில் அவர் கையைப் பிடித்து அமுக்கினாள். பிறகு அந்தக் கச்சேரி சீடியாக வந்தபோது அவருடைய ஏழு கைதட்டல்களும் அதில் இருந்தன.

அவர் இறந்து இரண்டு வருடம். லாசால் நகரிலுள்ள வீட்டில் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் சிசிலி அந்தச் சீடியைப் போடுவாள். ஏழு தட்டு, பிறகு அமைதி.

இன்று எட்டாவதும் கேட்டது. ஒன்பது, பத்து. நிற்கவில்லை.

"இஞ்சேருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ. ஆக்கள் பாக்கினம்" என்று சோபாவின் வெறும் பக்கத்தில் கையை வைத்து அமுக்கினாள்.

கைதட்டல் நின்றது. செல்லோ மறுபடி தொடங்கியது. சிசிலி கையை எடுக்கவில்லை.