ஏஞ்சலாவுக்கு விழுந்த இரண்டாவது ஓட்டு

கிட்ட வந்து உட்காருங்க. இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் நம்ம தமிழ் ஆட்கள் தெரு. நாற்பத்திரண்டு வீடு. நகராட்சித் தேர்தலில் நிற்கத் தெருவுக்கு ஒரு பெயர் கொடுங்கள் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். யாரை அனுப்புவது? வீட்டுக்கு ஒரு சீட்டு என்று மாரியம்மன் கோயிலில் பெட்டி வைத்து ஓட்டு எடுத்தார்கள்.

சீட்டைப் பிரித்து எண்ணியவன் தங்கவேலு. தெருப் பெரியவர் பழனியப்பனுக்கு எழுத்து வேலை பார்க்கிறவன். பெரியவருக்கு நாற்பது. அதே தெருவிலிருந்து எதிர்த்து நின்ற ஏஞ்சலாவுக்கு இரண்டு.

"ஒண்ணு அவளே போட்டுக்கிட்டது. இன்னொண்ணு யாரு?" என்றார் பழனியப்பன்.

ஜெயித்தவருக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக அவருக்கு எதிராக ஒரு சீட்டும் விழுந்ததில்லை. அவ்வளவுதான்.

ஏஞ்சலா வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற பட்டியலில் நம்ம பிள்ளைங்க பேரை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்." அவள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை, வாயைத் திறந்தாள். மற்ற வீடுகளில் இருந்தது. பட்டியலோ பழனியப்பன் கையில்.

"வீட்டுக்கு ஒருத்தர் வந்து சூடத்தில் அடிச்சு சத்தியம் பண்ணட்டும்," என்றார் அவர். "மாட்டேங்கிறவன்தான் போட்டவன். அவன் பிள்ளை பேரு நாளைக்கே பட்டியலில் ஏறும்."

வரிசை நின்றது. கடைசி ஆள் தங்கவேலு. அவனுக்கு முன்னால் பெர்சிஸ், கோயில் வாசலில் மொஹிங்கா, அதுதான் பர்மிய மீன் நூடுல்ஸ், விற்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் பிலிப் பெயர் போன வருஷம் பட்டியலில் ஏறியது. போனவன்தான், ஒரு கடுதாசி இல்லை. அந்தப் பெயரை எழுதியது தங்கவேலுவின் கை.

தெருவே பெர்சிஸைத்தான் பார்த்தது. வேறு யார் போட்டிருப்பார்கள்?

அவள் திரும்பினாள். "ஏன் தங்கவேலு, உன் மகன் சந்திரமோகனுக்கு இந்த மாசத்தோட பதினெட்டா?"

தங்கவேலு அரை அடி பின்னால் நகர்ந்தான். "எதுக்கு கேக்குறீங்கக்கா?"

"சும்மாதான். பிலிப்புக்கு ஒரு வயசு சின்னவன்."

சத்தியம் முடித்து ஓரமாக நின்ற மங்கலம் முணுமுணுத்தாள். "வயித்தெரிச்சலைப் பாரேன். தன் பிள்ளை போச்சுன்னா ஊர்ப் பிள்ளையும் போகணுமாக்கும்!"

பூசாரி சூடத்தை ஏற்றி நீட்டுவார். வந்தவர் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்து, "தாயே, நான் போடலை" என்பார். அடுத்த சூடம் எரியும். ஆற்றுக் காத்து ஒரு தரம் சுடரைச் சாய்க்க, ஒருவன் குனிந்து கையால் மறைத்தான்.

"ஏய், வாயைக் கிட்டக் கொண்டு வராதே!" என்று பூசாரி சீறினார். "மூச்சு பட்டா எச்சில். அப்புறம் நடையைச் சாத்திட்டுப் பரிகாரம்தான் பண்ணணும். சத்தியமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

தங்கவேலு உள்ளங்கையை லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், வேர்வை நிற்கவில்லை. பெர்சிஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சீட்டு அவன் போட்டது. பிலிப் பெயரை எழுதின அதே பேனாவால் ஏஞ்சலாவுக்குக் குறி போட்டான். அன்றைக்கு ராத்திரிதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினான். இப்போது பொய்ச் சத்தியம் பண்ணினால் அம்மன் பிள்ளையைக் கேட்பாள். பண்ணாவிட்டால் பழனியப்பன் கேட்பார்.

"என்ன பெர்சிஸ், வேதக்காரின்னு சாக்கு சொல்லாதே. அடி," என்றார் பழனியப்பன்.

"எதுக்குய்யா அடிக்கணும்? நான்தான் போட்டேன்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று மங்கலம் கத்தினாள்.

தங்கவேலு விறைத்துப் போனான். ஏஞ்சலாவின் இரண்டு சீட்டும் யார் போட்டது என்று அவனுக்குத்தானே தெரியும்? பெர்சிஸின் சீட்டு அந்த நாற்பதில் ஒன்று. பிலிப்பை விடுவித்துக் கொண்டு வருகிறேன் என்று பெரியவர் சொன்ன வாயளப்பை நம்பிப் போட்ட சீட்டு.

"கடையை எடுத்துடு," என்றார் பழனியப்பன். "பிலிப்பைக் கேட்டு இனி என் வாசப்படி ஏறாதே."

"சரிங்கய்யா. கேக்கலை." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

தங்கவேலு வாயைத் திறந்தான். "ஐயா..."

"என்னடா? ஓ, நீ ஒருத்தன் மிச்சமா? ஆள் கிடைச்சாச்சு. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. நீயும் ஒரு அடி அடிச்சுட்டுப் போ."

தட்டு அவன் முன்னால் வந்தது. சூடம் எரிந்தது. தூக்கின கை அந்தரத்தில் நின்றது. இறங்க மாட்டேன் என்றது. பழனியப்பனின் கண் மெல்லச் சுருங்கியது.

வெளியே போய்க்கொண்டிருந்த பெர்சிஸ் நின்றாள். இருபத்தைந்து வருஷம் அந்தக் கோயில் வாசலிலேயே கிண்ணம் கழுவினவள். அங்கே எது ஆகும், எது ஆகாது என்று பூசாரிக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும்.

விறுவிறுவென்று திரும்பி வந்தாள். தட்டின் மேல் குனிந்தாள். ஒரே மூச்சில் சூடத்தை ஊதி அணைத்தாள்.