பெயர் எழுதாத வரி

கடக்... கடக்... கடக்.

ஆளில்லாமல் கிடக்க வேண்டிய கேபிள் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. பையோடு நின்றுவிட்டாள் கசோண்டே. மணி ஏழரை. இருட்டிய பிறகு செம்பு ஆலையின் அந்த மூலைக்கு அவளைத் தவிர அநேகமாக யாரும் வருவதில்லை.

அவள் வருவது தாய்ப்பால் எடுத்து வைக்க. வீட்டில் ஐந்து மாதக் குழந்தை மப்பாலோ. அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொள்வாள். காலடி கேட்டால் மூச்சே நின்றுவிடும். போன வாரம் ஒரு ஃபிட்டர் தள்ளித் திறந்தேவிட்டான்.

கடக்.

"சே! இப்பவும் எரியலையே!" உள்ளே ஒரு குரல்.

இனோங்கே!

கசோண்டேயோடு வேலை செய்கிறவள். கசோண்டே பிரசவத்துக்குப் போன மூன்று மாதத்தில் அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேலாளரின் பாராட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இந்த மூலையையுமா?

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ரெஜிஸ்டர் பட்டியல். ஆலை முழுக்கக் கம்பியில்லாத சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கருவி நமக்குச் சொல்வது உள்வரும் பக்கம், நாம் கருவிக்குச் சொல்வது வெளியேறும் பக்கம். ஓர் எண் பிசகினால் போதும், தண்ணீர்த் தொட்டி நிறைந்ததற்குச் சுண்ணாம்புத் தொட்டி வால்வு திறந்துகொள்ளும்.

அந்தப் பட்டியலை முதலில் எழுதியவள் கசோண்டே. அதன் முதல் விதியும் அவள் எழுதியதுதான்: பெயர் இல்லாத வரி இருக்கக் கூடாது.

இன்று மத்தியானம் பார்த்தால், இரண்டு பக்கமும் தொண்ணூற்றாறாம் எண் நிரப்பியிருக்கிறது. பெயர்க் கட்டம் காலி. எழுதியது இனோங்கே.

அகப்பட்டாளா! போனில் படம் எடுத்துக்கொண்டு இரண்டு வரியையும் அழித்துவிட்டாள். மாசக் கடைசியில் மேலாளர் இவர்கள் இருவரில் ஒருத்தியிடம் பட்டியலைக் கொடுப்பார். இன்னொருத்தி தாதுக்கல் உடைக்கும் கிரஷர் தூசிக்குப் போவாள். இந்தப் படம் ஒன்று போதுமே.

கேபிள் அறை வாசலிலிருந்து நேரே மேலாளர் சிகாஸ்வேயிடம் போனாள். ஆலையில் எல்லோரும் 'புவானா', ஐயா, என்று கூப்பிடும் அவர் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"புவானா, உங்க கெட்டிக்காரி கேபிள் ரூம்ல என்ன பண்றான்னு வந்து பாருங்க."

"மப்பாலோ அம்மா, சோளத்தையாவது நிம்மதியாத் தின்ன விடும்மா."

"தின்னுக்கிட்டே வாங்க."

வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "பட்டியல்ல யாருக்கும் தெரியாம என்னமோ ஓட்டுறா. தொண்ணூத்தாறு. பேரே போடலை. நான் அழிச்சுட்டேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "எப்போ?"

"மத்தியானம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

சிகாஸ்வே நடையை எட்டிப் போட்டார். கதவைத் தள்ளினார்.

இனோங்கே மண்டியிட்டிருந்தாள். கையில் திருப்புளி, முழங்காலெல்லாம் மரத்தூள்.

"நல்ல வேளை வந்தீங்க, புவானா. சென்சார் செத்துப்போச்சு போல. ஒரு மணி நேரமாப் போட்டுப் போட்டு எடுக்கிறேன், விளக்கு எரிய மாட்டேங்குது."

"எந்த விளக்கு?" என்றாள் கசோண்டே. "ஏன் பேர் போடலை? நேர்மையான வேலைன்னா பேர் எழுத என்ன பயம்?"

இனோங்கே மேலாளரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னன்னு எழுதச் சொல்றே, மப்பாலோ அம்மா? பட்டியல் ஓடுற அந்தத் திரையை நாப்பது ஆம்பளைங்க பார்க்கிறானுங்க. 'பால் எடுக்கிற ரூம்'னு எழுதினா, நீ உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் அது அங்க மின்னும். சும்மா விடுவானுங்களா?"

நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் தலை மறைத்திருந்த இடத்தில், கதவின் உட்பக்கம், புத்தம்புது இரும்புத் தாழ்ப்பாள். அதை ஒட்டிக் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார்.

"தாழ்ப்பாள் போட்டா உள்வரும் தொண்ணூத்தாறு. வெளியே சிவப்பு விளக்கு, வெளியேறும் தொண்ணூத்தாறு. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எவன் கதவைத் தள்ளப்போறான்?"

போன் கசோண்டேயின் கையில் கனத்தது. சிகாஸ்வே சோளக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு, இனோங்கே." கசோண்டே போனைப் பைக்குள் போட்டாள். "வரியை நான்தான் அழிச்சேன்."

இனோங்கே திருப்புளியைக் கீழே போட்டாள். கோபம் வந்தது, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்ததில் பாதி போனது.

"அடிப்பாவி! ஒரு மணி நேரம்! என் முட்டி ரெண்டும் போச்சு. போ, போய் எழுது. பேர் மட்டும் போட்டே, கொன்னுடுவேன்."

கசோண்டே ஓடினாள். உள்வரும் பக்கம் ஒரு வரி, வெளியேறும் பக்கம் ஒரு வரி. பெயர்க் கட்டத்தைத் தொடவில்லை. மேலே தன் விதிக்குப் பக்கத்தில், 'தொண்ணூற்றாறு தவிர' என்று சேர்த்தாள்.

திரும்பி வந்தபோது சிகாஸ்வே இல்லை; இனோங்கே கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புவானாகிட்ட சொல்லிடறேன்," என்றாள் கசோண்டே. "பட்டியல் உன்கிட்டயே இருக்கட்டும். நான் கிரஷருக்குப் போறேன்."

"அப்போ இந்தத் தாழ்ப்பாளை யாருக்குப் போட்டேனாம்?" இனோங்கே பையைத் தோளில் மாட்டினாள். "கிரஷருக்கு நான் போறேன்னு போன வாரமே எழுதிக் குடுத்தாச்சு. பால் குடுக்கிறவளுக்கு அந்தத் தூசி ஆகுமா? போ உள்ள, நேரமாச்சு."

கசோண்டே உள்ளே போனாள். இன்று கதவில் முதுகைச் சாய்க்கவில்லை.

கடக்.

கதவின் அடி இடுக்கில் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.