தோளை அறுக்காத வார்

"இன்னும் ஒரு ஓட்டை இறக்கும்மா. இப்ப மாட்டிப் பாரு."

ஏட்டு மங்கலம் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தாள்.

சிதம்பரத்தில், ஒரு சந்துக்குள் இருந்த மாடி வீட்டு வாசலில் அவளுக்குக் காவல் பணி. மாடியில் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் குடியிருந்தார்கள். சாதி விட்டு சாதி செய்துகொண்ட கல்யாணம். உயிருக்குப் பயந்து கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு போலீஸ் பாதுகாப்பு கொடுத்தது. 2009 கோடை அது. வெயில் கொளுத்தியது.

துப்பாக்கியின் பழைய வார் நைந்து கயிறாகித் தோளை அறுத்தது. ஸ்டோரில் கேட்டால் வரும்போது தருகிறோம் என்றார்கள். அதனால் அவள் அவ்வப்போது துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்வாள். எதிர் டீக்கடைக்கு அடிக்கடி வரும் பட்டாளத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டார். தலை நரைத்தும் முதுகு வளையாத மனிதர். இன்று கடலூரிலிருந்து தோலில் ஒன்றும் கேன்வாஸில் ஒன்றுமாக இரண்டு வார்கள் வாங்கி வந்திருந்தார்.

"தோல் வாரு பாக்க நல்லா இருக்குண்ணே."

"பாக்கத்தான். வேர்வை பட்டா வழுக்கும். நீ தோளத் தூக்கித் தூக்கி நிறுத்துவ, கழுத்து புடிச்சிக்கும். இந்தக் கேன்வாஸ் வாரு அகலம் ஜாஸ்தி. கனம் ஒரே எடத்துல எறங்காது."

கேன்வாஸ் வாரையே வைத்துக்கொண்டாள். துப்பாக்கியை அவர் தொடவில்லை, கேட்கவும் இல்லை. தள்ளி நின்று விரலால்தான் காட்டினார்.

"உக்காந்து பாரு. துப்பாக்கிக் கட்டை தரையில இடிக்குதா?"

"இடிக்குது."

"அப்ப ஒரு ஓட்டை ஏத்து. வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவுல கை தாராளமா போவணும். போவுதா?"

"போவுதுண்ணே."

"இப்ப சட்டுனு கைக்குக் கொண்டா."

கொண்டுவந்தாள். வாரின் பக்கிள் அவள் சட்டையின் தோள்பட்டியில் சிக்கியது. அவர் முகம் சுருங்கியது.

"இது ஆவாது. பக்கிள முதுகுப் பக்கமாத் தள்ளிப் போடு. மறுபடி எடு."

இந்த முறை துப்பாக்கி தடங்கலின்றிக் கைக்கு வந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"கனமே தெரியலண்ணே," என்றாள் மங்கலம். "தோள் வலிக்குதான்னு எங்க வீட்டுக்காரருகூட இதுவரைக்கும் கேட்டதில்ல. எனக்காக ஏன் இவ்ளோ அலையறீங்க?"

"நானும் சென்ட்ரி நின்னவன்தாம்மா. வலி வந்தா துப்பாக்கியக் கீழ வெக்கத் தோணும். இனிமே சுவத்துல சாய்க்காத."

"சாய்க்க மாட்டேன்."

மாடியில் பாத்திரம் விழுந்து உருண்டது. தொடர்ந்து ஒரு பெண்ணும் ஆணும் சிரிக்கும் சத்தம். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு எப்பவும் சிரிப்புதான்," என்றாள் மங்கலம். "நல்ல பையன் கெடைச்சிருக்கான். சமையல்லாம் அவன்தான்."

அவர் தலையாட்டினார். கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டினார்.

"நாளைக்கு வருவீங்கல்லண்ணே? டீ நான் வாங்கித் தரேன்."

"வருவேம்மா." அவர் குரல் இறங்கியது. "ஆனா தனியா வர மாட்டேன். எம் பசங்க ரெண்டு பேரும் தம்பியும் கூட வருவாங்க. கையில கத்தி இருக்கும். இப்பவே ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆளக் கூட்டிக்க."

மங்கலத்தின் கை வாரைப் பிடித்துக்கொண்டது. "அண்ணே, இன்னா சொல்றீங்க?"

"சொல்லிப் பாத்துட்டேன், அவுங்க கேக்கல. குறுக்க விழுந்து மறிக்கவாவது நான் கூட வந்தாவணும். வாரு வாங்கிக் குடுத்தவனாச்சேன்னு என் மூஞ்சியப் பாத்துத் தயங்கிடாதம்மா. மேல சிரிக்குதே, அது எம் பொண்ணு."